பெற்றோர் தொடர்பு இல்லை

ஜூன் 28, வெள்ளி

கூட்டுறவு வங்கி ஜனவரியில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஆறு மாதமாக என் மேஜைக் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தேன். இன்று எங்கள் அலுவலகத்தைக் கலெக்டர் அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள். மேஜை கழிவுக்குப் போனது, டைரி மிஞ்சியது. "திங்கட்கிழமையிலருந்து ஆபீஸ்ல காகிதமே இருக்கக் கூடாது" என்று அலுவலர் சார் சொன்னதும், எதையாவது காகிதத்தில் எழுதியே ஆக வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

ஒன்பது வருடமாகக் குழந்தைகள் நலக் குழுவில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருக்கிறேன். ஒப்பந்த வேலை. பெற்றோரை இழந்த, தொலைந்த, ஆதரவில்லாத பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று தீர்ப்பு சொல்லும் குழு. கோர்ட் மாதிரிதான், ஆனால் கறுப்பு அங்கி கிடையாது. இதுவரை வாரம் மூன்று நாள், அரசு காப்பகத்தின் கூடத்திலேயே உட்கார்வார்கள். தாய் தகப்பன் நேரே உள்ளே வந்து நின்று பேசலாம். இனி வாரம் ஒரு நாள், புதன்கிழமை மட்டும். போனில் தேதி வந்தவர்கள் மட்டும் வரலாம். எங்கள் குழுவின் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. புதிய ஆட்கள் வரும்வரை பக்கத்து மாவட்டத்துக் குழு வீடியோவில் விசாரிக்கும். சுற்றறிக்கையின் முதல் வரியே அரசுப் பணம் வீணாவதைத் தவிர்க்க என்றுதான் தொடங்குகிறது.

கடைசி அமர்வில் கடைசி ஆள் செல்வக்கனி. உப்பளத்தில் வேலை. புருஷன் இறந்து இரண்டு வருடம். போன டிசம்பரில் காசநோய் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகள் நிதிஷாவைக் காப்பகத்தில் விட்டாள். இப்போது நோய் குணமாகி டாக்டர் சான்றும் வாங்கிவிட்டாள். வீட்டைப் பார்த்து வந்தவரின் அறிக்கையும் சாதகம். பிள்ளையை அனுப்ப ஒரு பக்க உத்தரவு போதும். தலைவி மேடம் பேனாவைத் திறந்தேவிட்டார். ஆனால் பிரிண்டர் டெம்போவில் ஏறிவிட்டிருந்தது.

"அதனால என்ன, வர்ற புதன்கிழமை வாம்மா. புதுசா வர்றவங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிருவாங்க" என்றார் மேடம்.

பிரிண்டரை முதலில் ஏற்றச் சொன்னது நான்தான். பீரோக்களோடு ஏற்றினால் நசுங்கிவிடும்.

ஜூலை 3, புதன்

செல்வக்கனி வந்தாள். கையில் மஞ்சள் கவுன், புதுச் செருப்பு. வாசல் காவலர் தேதிச் செய்தி எங்கே என்று கேட்டு மேலே விடவில்லை. நான் இறங்கிப் போனேன்.

"புதன்கெழமன்னு மேடம் சொன்னாவல்லாக்கா?"

"சொன்னாங்க. இன்னும் வீடியோ கனெக்‌ஷன் வரல. உனக்குப் போன்ல தேதி வரும்."

"போன்ல எழுத்துதான வரும்? எனக்கு வாசிக்கத் தெரியாதேக்கா. பேரு எழுதுவேன், அம்புட்டுதான்."

வந்ததும் எனக்குக் கூப்பிடு என்று என் நம்பரை அவள் போனில் போட்டுக்கொடுத்தேன். அக்கா என்று போட்டேன். அவள் போனில் மொத்தமே ஆறு பேர் இருந்தார்கள்.

இங்கிருந்து காப்பகம் போனாள். அங்கே பார்வை நேரத்துக்கும் இப்போது சீட்டு எண் வேண்டுமாம். கண்காணிப்பாளர் இன்பவள்ளி மேடம் கண்டும் காணாதது போல உள்ளே விட்டிருக்கிறார். அந்தப் பொம்பளைக்கு வாய் மட்டும்தான் முள்ளு.

ஜூலை 9, செவ்வாய்

மொத்தம் 212 கோப்பு. ஒவ்வொன்றையும் புதிய இணையதளத்தில் ஏற்ற வேண்டும். இருபதாம் தேதி கலெக்டர் ஆய்வு. "நிலுவை பூஜ்யம்னு காட்டணும் ஜெனோவா" என்று அலுவலர் சார் ஒரு நாளைக்கு நாலு முறை சொல்கிறார். பூஜ்யம் என்றால் அவருக்கு அவ்வளவு ஆசை.

சிக்கல் எங்கே என்றால், 'பெற்றோர் நிலை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'பெற்றோர் வந்து பார்க்கின்றனர்' என்று தேர்ந்தெடுத்தால் பார்வைச் சீட்டு எண் கேட்கிறது. சீட்டு ஜூலை ஒன்றிலிருந்துதான் உண்டு. அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் காப்பகத்துப் பழைய நோட்டில் கையெழுத்தாகவும் கைநாட்டாகவும் கிடக்கிறார்கள். எண் கொடுக்காவிட்டால் கோப்பு சேமிக்காது. சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும்.

இன்று முழுக்க உட்கார்ந்து ஏறியது ஒன்பது கோப்பு. கடைவாய்ப் பல் வேறு விண்விண் என்று தெறிக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

மற்ற மாவட்டத்து ஆப்பரேட்டர்களும் இதே பாடுதான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வழி கண்டுபிடித்துப் போட்டார். நாலாவது தேர்வை எடுத்தால் எந்த எண்ணும் கேட்காது, உடனே பச்சையாகிவிடும். திருத்தும் வசதி அடுத்த மாதம் வரும், அப்போது சரியானதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு ஜனவரி ஒன்று போடுவோம். இந்த மாவட்டத்தில் பாதிப் பிள்ளைகள் ஜனவரி ஒன்றில்தான் பிறந்தவர்கள்.

ஜூலை 19, வெள்ளி

முடிந்தது. 212. எல்லாம் பச்சை. சார் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். வலது பக்கமாகவே மென்று தின்றேன்.

ஜூலை 24, புதன்

செல்வக்கனி வந்தாள். இன்றும் வீடியோ வரவில்லை.

ஜூலை 31, புதன்

வந்தாள். அவளுக்குத் தேதி இல்லை. இன்று விசாரித்தது ஆறு பேரை.

ஆகஸ்ட் 7, புதன்

மாநில அளவில் ஏதோ கூட்டமாம். புதிய நடைமுறையால் மாவட்டத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று சார் ஒரு படக்காட்சி தயாரிக்கச் சொன்னார். மாதம் பன்னிரண்டு அமர்வு நாலானது. உறுப்பினர்களின் படி, கார், டீ, வடை, பேப்பர், மை எல்லாம் மிச்சம். பச்சையில் ஒரு பட்டை, நீலத்தில் ஒரு பட்டை, கீழே ஒரு பூ. நான் செய்ததிலேயே இதுதான் அழகானது என்று சார் சொன்னார்.

செய்து முடித்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினால், வேப்பமரத்தடியில் செல்வக்கனி உட்கார்ந்திருக்கிறாள். கூடவே பதினைந்து இருபது பேர். புதன்கிழமை என்று எங்கோ காதில் விழுந்து, தேதி இல்லாமலே வந்தவர்கள். அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்ததும், அன்றைக்கு வேலை போனதும் பட்டையில் எந்த நிறத்தில் வரும் என்று நினைத்தேன். சாரிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.

"ஒங்களுக்கும் இங்க வேல சாஸ்தியாக்கா? மொகம் ஒரு பக்கம் வீங்கிப் போயிருக்கு" என்றாள்.

"பல்லு."

"கல்லுப்பு போட்டுக் கொப்புளிங்க. நான் கொண்டாந்து தாரேன்."

ஆகஸ்ட் 14, புதன்

வந்தாள். தேதி இல்லை. உப்பு கொண்டுவந்தாள், ஒரு பை நிறைய. என் வீட்டுக்காரர் ரூபனிடம் காட்டினால், "ஊறுகாக் கம்பெனி தொடங்கப் போறியா?" என்று கேட்டார். கிரேன் ஓட்டுகிற மனுஷனுக்கு எதைப் பார்த்தாலும் எத்தனை டன் என்றுதான் தோன்றும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

திருத்தும் வசதி வந்துவிட்டதா என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். வழி கண்டுபிடித்தவர், "விரைவில்" என்று பதில் போட்டு ஒரு பூங்கொத்தும் போட்டார்.

செப்டம்பர் 4, புதன்

வந்தாள். இது எத்தனையாவது புதன் என்று அவளுக்குத் தெரியும். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கியாயிற்று.

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் தளத்தைத் திறந்ததும் தானாக ஒரு பட்டியல் வந்து நின்றது. 'பெற்றோர் தொடர்பு இல்லை' என்று பதிவாகி அறுபது நாள் முடிந்த பிள்ளைகள், வயது ஆறுக்குள். பத்திரிகை அறிவிப்பு கொடுத்து, யாரும் கேட்டு வராவிட்டால் தத்துக்கு விட வேண்டியவர்கள். மூன்று பெயர். முதல் இரண்டும் நிஜமாகவே யாரும் இல்லாத பிள்ளைகள். ஒன்று பேருந்து நிலையத்தில் கிடைத்தது, இன்னொன்று தொட்டிலில் விடப்பட்டது.

மூன்றாவது பெயர் நிதிஷா. வயது நாலு.

நாலாவது தேர்வு என்று நான் மேலே எழுதியிருக்கிறேனே, அதன் பெயர் இதுதான்.

சாரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுத வேண்டும்.

"மாத்திப் போட்டுட்டோம்னு எழுதிக் கேக்கலாம்மா. ஆனா யாரு லாகின்ல போட்டதுன்னுதான் முதல் கேள்வி வரும். ஒண்ணு மட்டும்னு நிக்காது, 212-ம் தோண்டுவாங்க. முப்பதாம் தேதி உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கா? நானும் சேர்ந்துதான் மாட்டுவேன்."

"பிள்ளையோட அம்மா வாரா வாரம் வந்துட்டு இருக்கா சார்."

"அறிவிப்பு வந்து முப்பது நாள் டைம் இருக்குல்லா? அதுக்குள்ள அந்தம்மா ஆட்சேபம் சொன்னா அதுவாவே நின்னுரும். அதுக்குத்தான அறிவிப்பே. நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்."

முறைப்படி எல்லாம் சரியாகத்தான் பட்டது. மதியம் அறிவிப்பின் வாசகத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். எழுத்துப் பிழை இரண்டு இருந்தது. திருத்தி அனுப்பினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

பேப்பரில் வந்திருக்கிறது. ஏழாம் பக்கம், நிலம் விற்பனை விளம்பரத்துக்குக் கீழே. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். இரட்டைச் சடை, நேராகப் பார்க்கிறாள். பூசைக்குப் போய்விட்டு வந்து துணி துவைத்தேன். மூன்று நாளுக்கு ஒரு முறைதான் தண்ணீர்.

செப்டம்பர் 25, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பதினோரு மணிக்குக் கீழேயிருந்து காவலர் கூப்பிட்டார். உங்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அம்மா சந்தோஷமாக நிற்கிறாள் என்றார். போனேன். செல்வக்கனி ஒரு பேப்பரை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"அக்கா, பாப்பா படம் பேப்பர்ல வந்திருக்குக்கா! டீக்கடை அண்ணாச்சிதான் பாத்துட்டுச் சொன்னாவ. இது ஒம் மவ தானன்னு கேட்டாவ. அவ்வொளுக்கும் கண்ணு தெரியாது, பொடி எழுத்தா இருக்குன்னுட்டாவ. என்ன போட்டிருக்கு, நீங்க வாசிங்க."

வாங்கினேன். வேப்பமரத்தடியில் நின்று வாசித்தேன். நிதிஷா, பெண், வயது நாலு, மாநிறம், இடது புருவத்தில் தழும்பு, அரசு காப்பகத்தில் பராமரிக்கப்பட்டு வருகிறாள் என்று வாசித்துக் காட்டினேன்.

"தழும்பு கூட போட்டிருக்காவளா! அது தண்ணித் தொட்டில விழுந்தது. அப்புறம்?"

"குழந்தைகள் நலக் குழுன்னு ஆபீஸ் பேரு போட்டிருக்கு. போன் நம்பர் போட்டிருக்கு."

"அப்பம் நல்லதுதானக்கா? பாப்பாவ குடுக்கதுக்குத்தான போட்டிருக்காவ?"

மேலே ஜன்னலில் சார் நிற்பது தெரிந்தது. என்னைப் பார்த்தாரா, மரத்தைப் பார்த்தாரா தெரியாது.

"பேரு வரிசைல வந்திருக்கு" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு சிரிப்பு. படத்தை லாமினேஷன் போட்டு வைக்கப் போவதாகச் சொன்னாள். எங்கே போடுவார்கள் என்று கேட்டாள். பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கிறது என்று நான்தான் வழி சொன்னேன்.

செப்டம்பர் 30, திங்கள்

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பதினோரு மாதம். ரூபன் பிரியாணி வாங்கி வந்தார்.

அக்டோபர் 3, வியாழன்

நேற்று காந்தி ஜெயந்தி, விடுமுறை. செல்வக்கனி வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகக் காவலர் சொன்னார்.

அக்டோபர் 9, புதன்

நான் விடுப்பு. பல் டாக்டர். அந்த நேரம் வேறு நாளிலும் கிடைத்திருக்கும்.

அக்டோபர் 16, புதன்

விடுப்பு. உடம்பு சரியில்லை.

இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. முப்பது நாள் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. எனக்கு எண்ணத் தெரியும் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் 23, புதன்

மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்து வீடியோவில் பதினொரு நிமிடம். பக்கத்து மாவட்டத் தலைவர் அம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். இருமலோடு பேசினார். "ஆட்சேபம் ஏதும் வந்ததா?" என்று கேட்டார். சார், "இல்லை மேடம்" என்றார். தத்துக்குத் தகுதியான பிள்ளைகள் என்று உத்தரவு. தட்டச்சு செய்தேன். பிரிண்டர் நன்றாக வேலை செய்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

தத்து கொடுக்கும் இல்லம் வேறு ஊரில் இருக்கிறது. கார் ஏற்பாடு. கோப்புச் சுருக்கத்தை ஒப்படைக்க என்னைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். மழை வந்துவிட்டது, சாலையெல்லாம் சகதி.

இன்பவள்ளி மேடம் என்னைக் கண்டதும் தாளை வாங்கிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"தொடர்பு இல்லையா? யாருக்கு? நேத்து ஞாயித்துக்கெழம அவ இங்க வந்து இந்தப் பிள்ளைக்கு ஈரும் பேனும் எடுத்துத் தலை பின்னிட்டுப் போயிருக்கா. அந்தச் சடை இன்னும் அவுக்கல, பாரு. யாரு இப்பிடி எழுதுனது?"

"சிஸ்டத்துல அப்படி இருக்கு மேடம்."

"சிஸ்டத்துக்குக் கையி இருக்கா?"

அவர் நாலு இடத்துக்குப் போன் செய்தார். ஒவ்வொருவரும் உத்தரவு எண் என்ன என்றுதான் கேட்டார்கள். கடைசியில் போனை மேஜையில் வைத்துவிட்டு, பிள்ளையின் துணிகளைத் தானே மடிக்க ஆரம்பித்தார்.

நிதிஷாவுக்குக் காரில் போவதில் ஒரே சந்தோஷம். முன் சீட்டு வேண்டும் என்று அடம் பிடித்தாள். மஞ்சள் கவுன் போட்டிருந்தாள். ஜூலையில் வாங்கியது, இப்போது முழங்காலுக்கு மேல் நிற்கிறது.

"அத்தை, எங்கம்மா வந்தா நான் டூர் போயிருக்கேன்னு சொல்லிருங்க" என்று என்னிடம் சொன்னாள்.

சரி என்றேன். திரும்பும்போது ஆட்டோவை வழியில் நிறுத்தி இறங்கிக் கொஞ்ச நேரம் மழையில் நின்றேன்.

அக்டோபர் 30, புதன்

உப்பளம் மழைக்கு நின்றுவிட்டதால் செல்வக்கனிக்கு வேலை இல்லை. காலை ஒன்பதுக்கே வந்துவிட்டாள். காப்பகத்துக்கு நேற்றே போயிருக்கிறாள். இன்பவள்ளி மேடம் அழுதிருக்கிறார், பெரிய ஊர் இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆபீசில் கேள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அவளை அடுத்த ஆளிடம் அனுப்புகிறோம்.

"பெரிய ஹோமாமேக்கா? அங்க பள்ளிக்கூடம் நல்லாருக்குமா? தீவாளிக்காவது அனுப்புவாவளா?"

"விசாரணைக்குத் தேதி வரும்" என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தேதி வந்துவிட்டது! நாலு மாதம் கழித்து. தளம் தானாக அனுப்பியிருக்கிறது: நாளை பகல் 12.10. பிள்ளை ஊரைவிட்டுப் போனது சிஸ்டத்துக்குத் தெரியாது போல.

நவம்பர் 6, புதன்

இரண்டாம் மாடிக்கு முதல் முறையாக அவளை விட்டார்கள். தலைவாரி, பவுடர் போட்டு வந்திருந்தாள். திரைக்கு முன்னால் உட்கார வைத்தோம். தலைவர் அம்மாவின் உருவத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"குழந்தை பத்தி பேப்பர்ல அறிவிப்பு வந்துச்சே, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா." பையிலிருந்து லாமினேஷன் போட்ட துண்டை எடுத்துத் திரைக்கு நேராகக் காட்டினாள். "பத்தரமா வச்சிருக்கேன்."

"படிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதும்மா. இந்தக்கா வாசிச்சுக் காட்டுனாவ." என்னைக் கைகாட்டினாள். நன்றியாகத்தான் காட்டினாள்.

"ஆபீஸ்லயே வாசிச்சுக் காட்டியிருக்காங்க. அப்புறம் ஏம்மா முப்பது நாளுக்குள்ள ஆட்சேபம் சொல்லல?"

செல்வக்கனி என்னைப் பார்த்தாள். "ஆட்சேபம்னா என்னதுக்கா?"

அலுவலர் சார் தொண்டையைக் கனைத்தார். என் விரல்கள் விசைப்பலகை மேல் இருந்தன. தலைவர் அம்மாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. உத்தரவு ஆகிவிட்டது, எனக்கு இனி அதிகாரம் இல்லை, மேலிடத்தில் முறையிடுங்கள் என்று ஏதோ சொன்னார். படம் உறைந்து நின்றது. 'அறிவிப்பு தாயாருக்கு வாசித்துக் காட்டப்பட்டது. தாயாரே அதை ஒப்புக்கொண்டார்.' நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு வரி. தட்டச்சு செய்தது நான்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "உத்தரவு ஆயிட்டுன்னு சொன்னாவல்லாக்கா? நான் எப்பம் போயிக் கூட்டிட்டு வரணும்?"

சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில், அந்தப் படிக்கட்டில் சொல்லியிருக்க வேண்டும். "திங்கட்கிழமை கலெக்டர்கிட்ட ஒரு மனு கொடு" என்றேன். நானும் அவளை அடுத்த ஆளிடம் அனுப்பினேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்றுக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்திருக்கிறாள். கலெக்டரிடம் கொடுத்த மனு, பிரிவுக்குப் போய், எங்கள் அலுவலகத்துக்கு வந்து, சாரின் லாகினில் விழுந்தது. சாருக்குக் கடவுச்சொல்லே மறந்துவிடும், அதனால் அது எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஆக, அவள் ஊரெல்லாம் சுற்றிக் கொடுத்த மனு, வந்து நின்றது என் முன்னால்.

கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெரியவர் எழுதியது. அவருடைய வழக்கமான வாசகங்கள். உழைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண் என்றும், சமூகம் கருணைகூர்ந்து என்றும். கடைசிக்கு முந்தின வரி மட்டும் அவருடையது இல்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்.

'நான் எல்லாப் புதன்கிழமையும் வந்தேன் என்பதற்கு ஆபீசில் இருக்கும் ஜெனோவா அக்காவே சாட்சி. அவர்களைக் கேட்டால் எல்லாம் சொல்வார்கள்.'

பதில் அளிக்க ஏழு நாள்.

நவம்பர் 15, வெள்ளி

ரூபனிடம் முழுவதையும் சொன்னேன். ஜூலையிலிருந்து. அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். வேலை போனால் போகட்டும் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. "அன்னிக்கு மரத்தடியில நாலு வரி சேத்து வாசிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் ஆகியிருக்காது. பிள்ளை அவளிடம் இருந்திருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

பதில் கட்டத்தில் இருநூற்றைம்பது எழுத்துக்கு மேல் ஏற்காது. பத்து முறை எழுதி வெட்டினேன். கடைசியில் இது:

'தாய் எல்லா வாரமும் வந்தார். தொடர்பு இல்லை என்று பொய்யாகப் பதிந்தது நான். அறிவிப்பை முழுதாக வாசித்துக் காட்டாததும் நான். தவறு எங்களுடையது. குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். ஜெனோவா, ஆப்பரேட்டர்.'

பட்டனை அழுத்தினேன். இனி வேலை இல்லை, விசாரணை வரும், வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் வந்தது: 'பதில் பதிவேற்றப்பட்டது. மனு முடித்துவைக்கப்பட்டது.' பக்கத்தில் ஒரு பச்சை டிக்.

அதைத் திறந்து பார்த்தேன். அதற்கு மேல் அனுப்ப அடுத்த அலுவலரின் பெட்டி இல்லை. யாருக்கும் போகவில்லை. கலெக்டர் அலுவலகப் பிரிவில் கேட்டபோது, பதில் வந்தால் எண்ணிக்கையில் முடிந்ததாகச் சேர்ந்துவிடும், உள்ளே என்ன என்று யாரும் திறப்பதில்லை என்றார்கள். தத்து இல்லத்துக்குப் போன் செய்தேன். புதிய உத்தரவு இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவரிடம் கேட்டால் கோப்பு முடிந்தது என்கிறார். அந்தப் பிள்ளையை எடுப்பதற்கு நான் ஒருத்தி போதுமாக இருந்தேன். திருப்பிக் கொடுக்க இத்தனை பேர் வேண்டியிருக்கிறது, ஒருவரும் இல்லை.

சார் எட்டிப் பார்த்து, "மனு நிலுவையும் பூஜ்யமா? பலே ஜெனோவா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் வாசிக்கவில்லை.

நாலு மணிக்குப் போன் வந்தது. அவள்தான்.

"அக்கா, போன்ல எழுத்து வந்திருக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட காட்டுனேன். மனு முடிஞ்சிட்டு, பதில் போட்டிருக்குன்னு சொல்லுதா. அந்தப் பதில நீங்க வாசிங்களேன்."

"லைன்ல இரு" என்றேன். திரையில் திறந்து வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். பொய்யாக என்ற இடத்திலும் நிறுத்தவில்லை. என் பெயரையும் வாசித்தேன். பேப்பர் அறிவிப்பில் அன்று விட்ட வரிகளையும் சொன்னேன், முப்பது நாள், தத்து, எல்லாம். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எல்லா வாரமும் வந்தேன்னு கவர்மென்டுல போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு."

"நீங்களே போட்டியளா?"

"நானேதான் போட்டேன் செல்வக்கனி."

"அப்பம் தந்துருவாவல்லாக்கா?"

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.